அஷ்டமி நவமி நிலா

கல்யாண போட்டோகிராபருக்கு மாதத்தில் உறுதியாக ஓய்வு கிடைப்பது அஷ்டமியிலும் நவமியிலும்தான். அந்த இரண்டு திதிகளில் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் யாரும் முகூர்த்தம் குறிப்பதில்லை. பாளையங்கோட்டையில் நான் ஸ்டுடியோ வைத்திருந்த 34 வருடமும் ஆர்டர் நோட்டில் அந்தத் தேதிகளுக்கு நேரே எதுவும் எழுதியதில்லை. லென்ஸ் துடைக்க, பழைய பாக்கியைக் கேட்டுப் போக, ஆல்பம் ஒட்ட என்று அந்த நாட்களை வைத்துக்கொண்டிருந்தேன். நிலாவின் மேடுபள்ளங்களைப் படம் பிடிக்க மாதத்திலேயே நல்ல நாட்கள் அவைதான் என்று தெரிய வந்தபோது எனக்கு வயது 52.

முதல் முயற்சி 1988இல். அப்போது நான் தொழில் படித்துக்கொண்டிருந்த பையன். சித்திரா பௌர்ணமி. ஸ்டுடியோவின் பென்டாக்ஸ் கே1000, அதில் 200 மில்லிமீட்டர் லென்ஸ், உள்ளே ஊட்டியில் தயாரான இந்து கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஆற்றங்கரைப் படித்துறையில் நின்று ஒரு ரோலையும் நிலாவுக்கே செலவழித்தேன். இருட்டறையில் கழுவித் தொங்கவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு கடுகு. கறுத்துக் கெட்டிப்பட்ட கடுகு. பிரிண்ட் போட்டால் வெறும் வெள்ளைப் பொட்டு.

ஸ்டுடியோ அண்ணாச்சி நெகட்டிவை விளக்குப் பெட்டியில் வைத்து லென்ஸால் பார்த்தார்.

“எத்தனையில வச்ச?”

“எஃப் நாலு, அரை செகண்டு அண்ணாச்சி. ராத்திரில்லா.”

“நமக்குத்தானடே ராத்திரி. அங்க வெயில்லா அடிச்சிக்கிட்டு கெடக்கு.”

நிலாவைப் படம் எடுப்பது பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. முக்கால்வாசிப் பாடமும் அதுவே. நிலா ஒரு விளக்கு இல்லை. பட்டப்பகல் வெயிலில் கிடக்கும் பாறையும் மண்ணும். நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஸ்பீடு ஃபிலிமின் ஸ்பீடு என்று ஃபிலிம் டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். நிலாவுக்கு அதிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்து எஃப் 11 வைத்தால் பௌர்ணமி அளவாக விழும். ஏன் ஒரு ஸ்டாப் என்றால், பால் போல என்று நாம் சொல்லும் நிலாவின் தரை உண்மையில் தேய்ந்துபோன தார் ரோட்டின் நிறம். மேலே விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. சுற்றிலும் வானம் கரியாக இருப்பதால் நம் கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. கேமராவின் மீட்டர் ஏமாறுவது வேறு விதமாக: ஃபிரேம் முழுக்க இருட்டு என்று கணக்குப் போட்டு ஷட்டரை நீட்டித் திறந்து வைக்கிறது, நடுவில் இருக்கிற நிலா வெந்துபோகிறது. இன்றைக்கு செல்போனில் எடுத்து “சும்மா வெள்ளையாத்தான் வருது” என்று வருத்தப்படுகிறவர்கள் எல்லாருக்கும் நேர்வது இதுதான்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குறுக்களவு 3,474 கிலோமீட்டர். நம் கண்ணுக்கு அரை டிகிரி. லென்ஸின் மில்லிமீட்டரை 110ஆல் வகுத்தால் ஃபிலிமில் விழும் நிலாவின் குறுக்களவு கிடைக்கும். 200 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1.8 மில்லிமீட்டர். கடுகு என்று நான் சொன்னது அளந்து சொன்னதுதான்.

அடுத்த பௌர்ணமியில் எக்ஸ்போஷர் சரியாக வந்தது. கறைகள் தெரிந்தன. ஆனால் படத்தில் உயிர் இல்லை. தட்டையான ஒரு அப்பளம். லென்ஸ் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதோடு விட்டுவிட்டேன். மறு வருடம் சொந்த ஸ்டுடியோ, கல்யாணம், பிள்ளைகள். நிலா 25 வருடம் தள்ளிப்போனது.

அந்தத் தட்டைத்தனத்துக்குக் காரணம் எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அது என் தொழில். பெண் பார்க்க அனுப்பும் படம் எடுக்க வரும் பிள்ளைகளில் சிலர் முகத்தில் அம்மைத் தழும்பு இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு தழும்பும் தனித்தனிக் குழியாக எழுந்து நிற்கும். அதே விளக்கைக் கேமராவுக்கு மேலே, நேர் எதிரே கொண்டுவந்தால் குழிக்குள் நிழல் விழ இடமில்லை, முகம் வழுவழுவென்று ஆகிவிடும். அப்படியும் மிஞ்சுகிற தழும்பை நெகட்டிவில் சரி செய்வோம். எமல்ஷன் பக்கம் பஞ்சால் மீடியம் தடவி, காய்ந்ததும், ஊசிபோலச் சீவிய பென்சிலால், தழும்பின் நிழல் விழுந்த கண்ணாடிபோன்ற புள்ளியை அடைப்பது. கோடு தெரியக் கூடாது, பொட்டுப் பொட்டாகத் தொட வேண்டும். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இந்த டச்சிங் வேலையில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

பௌர்ணமி என்பது அந்த நேர் விளக்கு. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் நின்று நிலாவின் முகத்தில் நேராக அடிக்கிறது. ஆயிரக்கணக்கான தழும்புள்ள முகம் டச்சிங் செய்ததுபோல் வழுவழுவென்று தெரிகிறது. அஷ்டமி என்பது பக்க விளக்கு.

2014இல் ஒருவர் கைமாற்றிவிட்ட கேனான் எஸ்எக்ஸ்50 எச்எஸ் என்னிடம் வந்தது. லென்ஸ் கழற்ற முடியாத சாதாரண கேமரா, 50 மடங்கு ஸூம். ஒரு வளர்பிறை அஷ்டமி சாயங்காலம், கடையில் ஆள் இல்லை. ஸூம் எப்படி என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் பிடித்தேன். பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டி, மேலிருந்து கீழ்வரை, குழிக்குள் குழியாக, விளிம்பு பளிச்சென்றும் உள்ளே மை நிரப்பியதுபோலவும் வரிசையாக நின்றன. மலைத்தொடர் ஒன்று இருட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் சிகரங்களில் மட்டும் வெயில். அது அப்பெனைன் மலை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கேமராவின் முழு ஸூமில் நிலா ஏறக்குறைய 1,270 பிக்சல் அகலம் வருகிறது. ஒரு பிக்சலுக்கு 2.7 கிலோமீட்டர். லென்ஸின் வாய் 33 மில்லிமீட்டர்தான் என்பதால் உண்மையில் பிரித்துக் காட்டுவது ஆறேழு கிலோமீட்டரை. அப்படியென்றால் சில நூறு மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டை அது எப்படிக் காட்டும்? மேட்டை அது காட்டுவதில்லை, நிழலைக் காட்டுகிறது. சூரியன் அடிவானத்துக்கு மேல் ஒரு டிகிரி இருக்கும்போது நிழல் உயரத்தைப்போல 57 மடங்கு நீளும். 300 மீட்டர் மேட்டுக்கு 17 கிலோமீட்டர் நிழல். சாயங்கால வெயிலில் வயல் வரப்பில் நடக்கும்போது நம் நிழல் பனைமரம் உயரம் நீள்கிறதே, அதேதான். நான் எடுப்பது நிலாவில் ஒவ்வோர் இடத்துக்கும் வருகிற காலை வெயில்.

அந்தக் காலை, நிலாவின் நடுக்கோட்டில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. நிதானமாக மிதிக்கிற சைக்கிள் வேகம். ஒரு நாளைக்கு 12 டிகிரி. இங்கேதான் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் எனக்குப் பெரிய துணையானது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு டிகிரியாக வெட்டியது. நிலாவில் எந்த இடத்தில் சூரியன் உதிக்கிறது என்பதும் அந்தக் கோணத்தைப் பொறுத்ததே. ஆகவே திதியைப் பார்த்தால் இன்று எந்தப் பள்ளத்துக்கு விடிகிறது என்று சொல்லிவிடலாம். திருதியை, சதுர்த்தியில் கிழக்கு ஓரத்தில் நெருக்கடிக் கடல் எனப்படும் வட்டக் கறை. பஞ்சமி முடிந்து சஷ்டி பிறக்கையில் தியோஃபிலஸ். அஷ்டமியில் டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அப்பெனைன் மலை. நவமியில் டைக்கோவும் கிளேவியஸும் பிளேட்டோவும். தசமி பிறந்ததும் கோப்பர்நிகஸ். ஏகாதசியில் கஸண்டி. நிலா நமக்கு முகம் காட்டும்போது கொஞ்சம் தலையை ஆட்டுகிறது. அதனால் ஓர் இடம் விளிம்பை நெருங்கியோ விலகியோ தெரியும். ஆனால் விடியல் கணக்கு தப்புவதில்லை. ஸ்டுடியோவில் ராகு காலம், கரிநாள் பார்க்க மாட்டியிருந்த காலண்டரில் ஒவ்வொரு திதிக்கும் ஒரு பள்ளத்தின் பெயரைப் பென்சிலால் எழுதி வைக்க ஆரம்பித்தேன்.

எடுக்கும் முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கவனம் வேண்டும். மீட்டரை நம்பாமல் மேனுவலில் வைக்க வேண்டும். அஷ்டமிக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 6.5, ஷட்டர் 1/60. பௌர்ணமிக்கு அதே எஃப்பில் 1/250க்கு மேல் போக வேண்டியிருக்கும். பாதி நிலா பாதி வெளிச்சம் தரும் என்று நினைத்து நான் பல நாள் படத்தை இருட்டாக்கியிருக்கிறேன். நிழல்களும் சாய்வெயிலும் சேர்ந்து அதன் மொத்த வெளிச்சம் பௌர்ணமியின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஃபோகஸை வெளிச்ச விளிம்பில் பிடிக்கக் கூடாது, நிழல் கோட்டில் பிடிக்க வேண்டும். ஸ்டாண்டில் வைத்தபின் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டு செகண்டு டைமரில் விட வேண்டும். பட்டனை அழுத்திய விரலின் அதிர்வு 50 மடங்கு ஸூமில் நிலாவையே ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிடும். ஸ்டாண்டின் நடுக் கொக்கியில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டேன். ஆடிக் காற்றில் அதுவும் போதாது. ஆடி, ஆவணியில் சாரல் மேகமும் சேர்ந்துகொள்ளும். எங்கள் ஊருக்குத் தை பிறந்து பங்குனி முடிய நல்ல காலம். அதிலும் பங்குனி வளர்பிறை அஷ்டமியில் பொழுது சாயும்போது நிலா தலைக்கு மேல் ஏறி நிற்கும். வடக்கே குளிர் தேசங்களில் இருப்பவர்களுக்கு அந்த உயரம் கிடைப்பதில்லை.

உயரம் ஏன் முக்கியம் என்றால், காற்று. அடிவானத்துப் பக்கம் நிலா இருக்கும்போது பல மடங்கு காற்றைக் கடந்து பார்க்கிறோம். அது நீரோடைக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் பார்ப்பதுபோல. காற்று மேலே மட்டும் இல்லை. பகல் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடி இரவு பத்து மணிவரை அனல் விட்டுக்கொண்டே இருக்கும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் பள்ளங்களின் விளிம்பு கொதிக்கும் உலைபோலத் தளும்பும். நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், பலன் கொஞ்சம்தான். பிறகு மாடியை விட்டுவிட்டுப் பின்புறம் வேப்பமரத்துக்கு அப்பால் இருக்கிற வெறும் மண் தரைக்கு இறங்கினேன். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. தெரு விளக்கு இருக்கிறதே என்று கேட்பார்கள். நட்சத்திரம் எடுப்பவர்களுக்கு இருட்டு வேண்டும், காவலூர் போல மலைக்காட்டுக்குப் போக வேண்டும். நிலாவுக்கு அந்தத் தேவை இல்லை. டவுனுக்கு நடுவே, சோடியம் விளக்கின் கீழே நின்றுகூட எடுக்கலாம்.

மண் தரைக்கு இறங்கியதில் இன்னொரு லாபம், பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஆறாம் வகுப்பு. ஒருநாள் தசமி இரவில் நான் கோப்பர்நிகஸைக் காட்டினேன். 93 கிலோமீட்டர் அகலம். இங்கிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். திரையில் 34 பிக்சல். பள்ளத்தின் நடுவே சின்னப் பொட்டாக ஒரு மலைக்கூட்டம் தெரியும்.

“தாத்தா, குழிக்கு நடுவுல மலைய யாரு கொண்டு போட்டா?”

நான் உள்ளே போய் ஒரு அகலமான உருளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். சொம்பிலிருந்து ஒரே ஒரு சொட்டு, முழ உயரத்திலிருந்து. சொட்டு விழுந்ததும் தண்ணீர் குழிந்து, மறுகணம் நடுவில் ஒரு தூண் எம்பி எழுந்து அடங்கியது. கண்ணுக்கு அகப்படுகிற வேகம் இல்லை. அவளுக்காக கேமராவைத் திருப்பி, ஃபிளாஷ் போட்டு அந்தச் சொட்டைப் பிடித்தேன். நாற்பது ஐம்பது தடவை விட்டபின் ஒன்று சரியாக விழுந்தது. குழியின் விளிம்பு கிரீடம்போல, நடுவில் தூண். விண்கல் மோதும் வேகத்தில் பாறையும் ஒரு கணம் தண்ணீரைப்போல நடந்துகொள்கிறது, குழிந்து எம்பும்போதே இறுகிவிடுகிறது என்றேன். அவள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “அப்ப இது உறைஞ்சு போன சொட்டு” என்றாள். இதைவிடச் சரியாக நான் எங்கும் படித்ததில்லை.

தளும்பும் காற்றுக்கு மருந்து கற்றுக்கொடுத்தவன் என் அக்கா மகன். ஒரே படத்தை நம்பாமல் அறுபது, நூறு படம் எடுப்பது. காற்று ஒவ்வொரு கணமும் வேறு வேறு இடத்தைக் கலைக்கும். ஒரு படத்தில் டைக்கோ துல்லியமாக இருக்கும், அடுத்ததில் பிளேட்டோ. ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் அவற்றில் நல்லதைப் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, சராசரி எடுத்துக் கொடுக்கும். மணல்போன்ற இரைச்சல் அடங்கி, கூர்மையாக்க இடம் கிடைக்கும். இந்தக் கூர்மையாக்கும் வேலையில்தான் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். ஒரு கோடு தாண்டினால் பள்ளங்களைச் சுற்றி வெள்ளை வளையம் கட்டும். இல்லாத பள்ளம் பிறக்கும். டச்சிங்கில் அரை மணி கூடப் போனால் முகம் பொம்மையாகிவிடும் என்று பென்சில் பிடித்த கைக்குத் தெரியும். கோபுரத்துக்குப் பின்னால் கோபுரத்தைவிடப் பெரிய நிலாவை ஒட்டி அனுப்புகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தால் உண்மையாகவே அப்படி ஒரு படம் கிடைக்கும். அதற்கு இடமும் நேரமும் கணித்து, ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்து எடுத்தவனின் படமும் ஒட்டியவனின் படமும் ஒன்றாகிவிடுவது நியாயமே இல்லை. உதயத்தில் நிலா பெரிதாகத் தெரிவதையும் நான் அளந்து பார்த்திருக்கிறேன். பிக்சலில் பெரிதாகவில்லை. உச்சியில் இருப்பதைவிட ஒரு மயிரிழை சிறியதுதான், ஏனென்றால் அடிவானத்து நிலா நம்மிலிருந்து ஏறக்குறைய பூமியின் அரை விட்டம், 6,400 கிலோமீட்டர், கூடுதல் தூரத்தில் இருக்கிறது. பெரிதாக்குவது நம் மனம்.

2023 ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 இறங்கிய சாயங்காலம். வளர்பிறை சப்தமி. இறங்க அந்த நாளைத் தேர்ந்ததற்குக் காரணம், லேண்டர் இறங்கும் இடத்தில் அப்போதுதான் விடிந்திருந்தது என்பது. 14 நாள் வெயில் முழுசாகக் கிடைக்க வேண்டும். டிவியில் திட்ட இயக்குநரான விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் பேசி முடித்ததும் நான் கேமராவோடு வெளியே வந்தேன். மேகத்துக்கு நடுவே கால் மணி நேரம் இடைவெளி கொடுத்தது. தெற்கு ஓரத்தில், 69 டிகிரித் தென் அகலாங்கில், மான்சினஸ் பள்ளத்தின் பக்கம். அங்கே பள்ளங்கள் எல்லாம் ஓரப் பார்வையில் நசுங்கி நெல்மணிபோலத் தெரியும். லேண்டர் என் ஒரு பிக்சலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அது தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் வெயில் விழுந்திருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோவில் மாட்டினேன். ஸ்டுடியோவில் நான் கடைசியாக மாட்டிய படமும் அதுதான்.

அந்தப் படத்தின் முன் நிற்கும்போது எனக்கு நினைவு வருவது மதுரைக்காரரான சண்முக சுப்பிரமணியன். 2019இல் சந்திரயான்-2இன் லேண்டர் விக்ரம் விழுந்து நொறுங்கியபின், நாசாவின் சுற்றுக்கலம் எடுத்த படங்களை விழுவதற்கு முன், பின் என்று வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு உடைசலைக் கண்டுபிடித்தார். டிசம்பரில் நாசா அதை உறுதி செய்தது. சொந்தமாக எடுத்த படம்கூட இல்லை. பொறுமையாக உட்கார்ந்து பார்த்த கண்தான்.

எனக்கும் ஒரு கோடு அப்படிக் காத்திருந்தது. மேகக் கடல் எனப்படும் கறையின் கிழக்குப் பக்கம் ரூப்பஸ் ரெக்டா என்று ஒன்று உண்டு. நேர்ச்சுவர். 110 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை விரிசல் விட்டு, மேற்குப் பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர் கீழே இறங்கி நிற்கிறது. பெயர்தான் சுவர், உண்மையில் ஒரு சரிவு. வளர்பிறை நவமியில் சூரியன் கிழக்கிலிருந்து வருவதால் சுவரின் நிழல் மேற்கே விழுந்து, கறுப்புக் கோடாகத் தெரியும். பிளேடால் கீறியதுபோல. அதை நான் மூன்றாவது வருடத்திலேயே பிடித்துவிட்டேன். நிழல் கை கொடுத்தது. ஆனால் தேய்பிறை அஷ்டமியில், அந்த இடத்தில் சூரியன் மறையப்போகும் நேரத்தில், மேற்கு வெயில் சரிவில் நேரே விழுந்து அதே கோடு வெள்ளையாக மின்னும். அங்கே நிழல் இல்லை. சரிவின் அகலம் மட்டும்தான். என் கேமராவுக்கு அது ஒரே ஒரு பிக்சல்.

தேய்பிறை அஷ்டமி நிலா நடுச்சாமத்தில்தான் எழும், உச்சிக்கு வர விடிந்துவிடும். கடையைப் பிள்ளையிடம் விட்டபிறகு எனக்கு அந்த நேரம் கிடைத்தது. ஒரு புரட்டாசியில், நாலரை மணிக்கு மண் தரையில் ஸ்டாண்டை வைத்தேன். இரவெல்லாம் ஆறிய தரை. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. திரையில் நிலா வரைந்து வைத்ததுபோல நின்றது. அறுபது படம் எடுத்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, “என்ன அண்ணாச்சி, இந்நேரத்துல?” என்று கேட்டுவிட்டு, திரையில் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்று போனார்.

கம்ப்யூட்டரில் அடுக்கிச் சேர்த்த படத்தில் கோடு இருந்தது. மெல்லிய வெள்ளை இழை. உடனே சந்தோஷப்படப் பயமாக இருந்தது. கூர்மையாக்கியதில் பிறந்த பொய்க்கோடாக இருக்கலாம். அதனால் கை படாத அறுபது படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அதே இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மதியச் சாப்பாடு மேசையிலேயே ஆறிப்போனது. 11 படங்களில் அது இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினேன். 11.